911 சூடாகிறதா? ஃபேனைக் கழற்றும் முன்னும் மாட்டிய பின்னும் பார்க்க வேண்டியவை

ஜூலை மாத வெயிலில் பேக்கர்ஸ்ஃபீல்ட் தாண்டி லாஸ் ஏஞ்சலிஸ் நோக்கி கிரேப்வைன் ஏற்றத்தில் ஏறுகிற, தண்ணீர் ரேடியேட்டர் இல்லாமல் ஃபேன் காற்றிலும் ஆயிலிலும் என்ஜினைக் குளிர்விக்கிற பழைய போர்ஷே 911 எதுவாக இருந்தாலும், ஓட்டுகிறவரின் ஒரு கண் சாலையிலும் இன்னொரு கண் ஆயில் வெப்ப மீட்டரிலும்தான் இருக்கும். முள் சிவப்புக் கோட்டை எட்டிப் பார்த்துவிட்டால் போதும், மறுநாள் காலை முதல் கேள்வி "ஃபேனை மாற்றிவிடலாமா?" என்பதுதான். மாற்றலாம். ஆனால் என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஃபேன் நிரபராதி. மாற்றிய பிறகு புதுத் தொல்லையோடு திரும்பி வந்தவையும் நிறைய. அதனால் அறிகுறி வாரியாக எழுதிவிடுகிறேன், உங்கள் காருக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போங்கள்.

இதெல்லாம் 1970களின் 2.7 லிட்டர் 911, அதற்குப் பின் வந்த 911 எஸ்சி, 3.2 லிட்டர் கரேரா ஆகியவற்றுக்கு. இவற்றில் ஒரே பெல்ட்தான் ஃபேனையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுற்றுகிறது. அடுத்த தலைமுறை 911-களான 964, 993 கார்களில் இரண்டுக்கும் தனித்தனி பெல்ட், அந்தக் கதை வேறு.

முதலில்: உங்கள் காரில் இருப்பது எந்த ஃபேன்?

பின் மூடியைத் திறந்து இறக்கைகளை எண்ணுங்கள். 1975 வரை வந்தவற்றில் 11 இறக்கை, 245 மில்லிமீட்டர் விட்டம், கிரேங்க் (என்ஜினின் முதன்மைத் தண்டு) ஒரு சுற்றுக்கு ஃபேன் 1.3 சுற்று. 1976, 77-இல் 5 இறக்கையும் 226 மில்லிமீட்டரும் ஆனது, சுற்று 1.8 ஆக ஏறியது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் நன்றாகச் சார்ஜ் செய்யட்டும் என்று செய்த ஏற்பாடு அது. 1978, 79 எஸ்சியில் அதே 226 விட்டத்தில் 11 இறக்கை. 1980 முதல் மறுபடி 245, சுற்று ஏறக்குறைய 1.67. ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐம்பது வருடக் காரில் எவன் எதை மாட்டிவைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? எண்ணிப் பாருங்கள், அளந்து பாருங்கள்.

அறிகுறி 1: முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது (ஃபேன் இன்னும் பழையதுதான்)

*காசு செலவில்லாத சோதனைகள் முதலில்*

மீட்டர் உண்மை பேசுகிறதா? சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு சாவியைப் போட்டால் முள் அடியில் கிடக்க வேண்டும், ஒயரை என்ஜினில் தொட்டு எர்த் செய்தால் கடைசிவரை ஓட வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி, ஆனால் சென்சார் சரியா என்பது இதில் தெரியாது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் டாங்கின் வாயில் சமையலுக்கு விற்கிற நீண்ட தெர்மாமீட்டரை விட்டு மீட்டரோடு ஒப்பிடுங்கள். சென்சாரும் மீட்டரும் வேறு வேறு வருடத்தினவாக இருந்து, 100 டிகிரி செல்சியஸில் ஓடுகிற காரை 120 என்று காட்டிய கொடுமையெல்லாம் உண்டு. 120 வரை ஏற்றத்தில் போய்த் திரும்பி இறங்குவதற்கு நான் பயப்பட மாட்டேன். 130 பக்கம் போனால் ஓரங்கட்டுவேன்.

ஆயில் அளவு. 911-இல் குச்சியை என்ஜின் சூடாக, ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்து "ஆயிலே இல்லை" என்று ஊற்றி, நிரம்பி வழிந்து, ஏர் ஃபில்டர் வழியாகப் புகையாக வந்து பயந்தவர்கள் அநேகம். குறைந்தால் சூடு, கூடினால் புகை.

பெல்ட். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். பக்கவாட்டு கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது வழுக்குகிறது, மாற்றிவிடுங்கள்.

காற்று வழி. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டார்ச்சை ஃபேன் இறக்கைகளுக்கு இடையே அடித்துப் பாருங்கள். காய்ந்த இலை, எலி கட்டிய பஞ்சுக்கூடு, துடைக்கும் துணி, எல்லாம் எடுத்திருக்கிறேன். அப்புறம் என்ஜினைச் சுற்றி இருக்கிற ரப்பர் விளிம்பு. கீழே சைலன்சர் பக்கத்து அனலை மேலே வராமல் தடுப்பதே அதுதான். அது கிழிந்தோ காணாமலோ போயிருந்தால் ஃபேன் தன்னுடைய அனலையே திரும்பக் குடிக்கும். விலை சொற்பம், பலன் பெரிது. ரப்பர் புதிதாகப் போட்ட பிறகு ஃபேன் பேச்சையே எடுக்காதவர்கள் உண்டு.

*எப்போது சூடாகிறது என்று பிரித்துப் பாருங்கள்*

நெரிசலில் மட்டும் சூடானால்: முன் வலது மட்கார்டுக்குள் கூடுதல் ஆயில் கூலர் உள்ள காரில் கூட, கார் நகராவிட்டால் அதற்குக் காற்று கிடையாது. அமெரிக்காவுக்கு வந்த 2.7 பலவற்றில் அந்த இடத்தில் இருப்பது வளைத்துவிட்ட குழாய்தான், அதை கூலர் என்று சொல்வதே மரியாதைக்காக. துடுப்பு வைத்த நல்ல கூலரும் அதற்கு ஒரு சிறிய மின் ஃபேனும் தெர்மோ ஸ்விட்சும் போடுவது என்ஜின் ஃபேனை மாற்றுவதை விட அதிகம் உதவும். ஏசி போட்ட காரானால், கண்டென்சர் பின் மூடியிலேயே இருந்து ஃபேனுக்குச் சூடான காற்றைத்தான் ஊட்டுகிறது. ஏசியை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

வேகத்தில், ஏற்றத்தில் மட்டும் சூடானால்: முதலில், சூடான ஆயிலை முன் கூலருக்குத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட். முள் 90 தாண்டிய பிறகு முன் கூலருக்குப் போகிற குழாயைத் தொட்டுப் பாருங்கள் (பட்டென்று, கை வெந்துவிடும், லேசர் தெர்மாமீட்டர் இருந்தால் உத்தமம்). குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. அது 83 டிகிரி வாக்கில் திறந்துவிட வேண்டும். இன்னொன்று, இந்த ஆயில் குழாய்கள் காரின் வலது பக்க அடிவிளிம்பு வழியாக ஓடுகின்றன. ஜாக்கியை இடம் பார்க்காமல் வைத்துத் தூக்கினால் குழாய் நசுங்கிவிடும். குனிந்து அந்த நீளம் முழுக்கக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எப்போதும் சூடு என்றால்: பற்றவைப்பு நேரம் பின்தங்கியிருக்கிறதா, கலவை வறண்டிருக்கிறதா (பெட்ரோல் குறைந்து காற்று கூடி), எங்காவது காற்றைத் திருடுகிறதா என்று பார்க்க வேண்டும். 1975 முதல் 77 வரை கலிபோர்னியாவுக்கு வந்த 2.7-இல் புகையின் நச்சைக் குறைக்க தெர்மல் ரியாக்டர் என்ற அடுப்பை ஹெட்டுக்குக் கீழேயே கட்டிவிட்டிருந்தார்கள். அது இன்னும் இருந்தால் எந்த ஃபேன் போட்டாலும் பாதி வேலைதான். ஆனால் புகைச் சட்டத்தில் உங்கள் ஊரில் எது செல்லும் என்று கேட்டுக்கொண்டு கை வையுங்கள்.

*எப்போது மெக்கானிக்:* கலவையும் டைமிங்கும் சரி பார்க்கக் கருவி இல்லையென்றால். என்ஜினோடு ஒட்டிய ஆயில் கூலரின் துடுப்புகள் எண்ணெய்ப் பிசுக்கில் அடைபட்டிருந்தாலும் அப்படித்தான், அது சுற்றியுள்ள தகடுகளைக் கழற்றுகிற வேலை.

இவ்வளவும் சரி, காரில் இருப்பது 5 இறக்கை ஃபேன், அப்படியும் சூடு என்றால் மாற்றுங்கள். அதில் நியாயம் இருக்கிறது.

மாற்றுகிறவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை

மலிவான வழி: 226 கூட்டுக்குள்ளேயே (கூடு என்றால் ஃபேனைச் சுற்றியிருக்கிற உலோக வளையம்) 226 அளவில் 11 இறக்கை ஃபேன். புல்லி, பெல்ட் எதையும் தொட வேண்டாம். செலவான வழி: 245 ஃபேன், 245 கூடு, மேலும் கீழுமாக இரண்டு புல்லி, அதற்கேற்ற பெல்ட், எல்லாம் ஒரே காரிலிருந்து ஒரே செட்டாக. இதை அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கினீர்கள் என்றால் கீழே வரப்போகிற எல்லா அறிகுறியும் உங்களுக்குத்தான்.

இன்னொரு வழியும் சொல்வார்கள், 1960களின் மெக்னீசிய ஃபேனை எடுத்து 1.67 புல்லியோடு சுற்றவிடுவது. நான் செய்ய மாட்டேன். என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இருக்கும்போது 7,800 போய்க்கொண்டிருந்த ஃபேனை 10,000-க்கு விரட்டுகிறீர்கள், அதுவும் அரை நூற்றாண்டு வெயில் மழை பார்த்த வார்ப்பை. ஃபேன் எதுவானாலும் மாட்டும் முன் சுத்தமாகக் கழுவி, கயிற்றில் தொங்கவிட்டு, ஸ்பேனரால் மெல்லத் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நல்லது, தொண்டை கட்டினாற்போல் அடைத்தால் இறக்கையின் அடியில் விரிசல் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் லேத்துப் பட்டறையில் சாயம் பூசி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் ஃபேனை ஒட்டவைத்து ஓட்டுவது என்கிற பேச்சே வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டருக்கு வருகிற தடித்த ஒயரில் சாவி போடாவிட்டாலும் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

அறிகுறி 2: ஓடும்போது சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தது

உடனே ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். மற்ற கார்களில் இது "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" விளக்கு, இதில் அப்படியில்லை. பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், குளிர்ச்சியும் போகும்.

பெல்ட் இல்லையா? துண்டுகள் ஃபேனுக்குள்ளும் புல்லியிலும் சிக்கியிருக்கும், பொறுக்கிவிட்டு உபரி பெல்ட்டைப் போடுங்கள். உபரி பெல்ட்டும் புல்லியைப் பிடிக்கிற ஸ்பேனரும் காரில் இல்லாமல் 911-ஐ வெளியூர் எடுக்காதீர்கள். சூட்டைத் தணிக்கிறேன் என்று என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

பெல்ட் இருக்கிறது, இறுக்கமாகவும் இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது என்றால் ஆல்டர்னேட்டர் அல்லது ரெகுலேட்டர் கோளாறு. குளிர்ச்சிக்குப் பங்கமில்லை. பகலில் விளக்குகளை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் வீடு சேரலாம், பெட்ரோல் பம்பு மின்சாரத்தில் ஓடுவது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பேட்டரி தீர்ந்தால் கார் நின்றுவிடும்.

அறிகுறி 3: 11 இறக்கை போட்டாயிற்று, சூடு இம்மியும் குறையவில்லை

எனக்கு ரொம்பப் பழக்கமான புகார் இது. ஒரு 1977 டார்கா (கூரையைக் கழற்றி வைக்கிற 911). அதன் சொந்தக்காரர் ஃபேன், கூடு, புல்லி, பெல்ட் என்று முழு செட்டையும் நல்ல விலை கொடுத்து வாங்கி அழகாக மாட்டியிருந்தார், வேலையில் குறை சொல்ல முடியாது. சூடு மட்டும் அப்படியே. என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது மூலையில் குனிந்த என் சட்டைக் காலர் படபடத்தது. கையை நீட்டினால் ஜில்லென்று காற்று. முந்தைய சொந்தக்காரர் ஹீட்டர் வசதியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் எக்ஸாஸ்ட் குழாய்களைப் போட்டிருக்கிறார், ஃபேன் காற்றில் ஒரு பங்கு ஹீட்டருக்குப் போகிற வாய் இரண்டும், என்ஜின் மேல் காற்றைப் பரப்புகிற ஃபைபர் மூடியில் திறந்தபடியே இருந்திருக்கின்றன. சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய காற்று அந்த ஓட்டைகள் வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மூடி வாங்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அதே கிரேப்வைன் ஏற்றம், அதே மாதிரி வெயில், முள் 105-க்கு மேல் போகவில்லை. பழைய 5 இறக்கையை விற்றுவிட்டீர்களா என்று கேட்டேன், முகத்தில் ஈயாடவில்லை.

ஆக, வரிசை இது:

முதலில் ஹீட்டர் வாய்கள். ஹீட்டர் இருக்கிற காரிலும் குழாய் கிழிந்து தொங்கலாம்.

அடுத்து ஃபைபர் மூடி கூட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா. ஐட்லிங்கில் ஒரு ஊதுபத்தியை விளிம்பு நெடுகக் கொண்டு போனால் புகை எங்கே விலகுகிறது என்று பார்க்கலாம். ஃபேன் வாய்க்கு அருகே கையையும் துணியையும் கொண்டுபோக வேண்டாம், நீளச் சட்டை இருந்தால் மடித்துவிடுங்கள்.

அப்புறம் புல்லி கலப்படம். 245 ஃபேனும் 226-இன் புல்லியும், அல்லது ஒன்றின் மேல் புல்லியும் இன்னொன்றின் கீழ்ப் புல்லியும். கீழ்ப் புல்லியில் ஒரு சாக்பீஸ் கோடு, ஃபேனில் ஒரு கோடு. கையால் கிரேங்க்கைப் பத்துச் சுற்று சுற்றி ஃபேன் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 13, 17, 18, இதில் எது வந்தாலும் எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். நடுவில் ஏதாவது வந்தால் கலப்படம்.

கடைசியாக, சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் காற்றுத் தகடுகள். யாரோ என்ஜினைப் பிரித்துக் கட்டியபோது விட்டுவிட்டாலோ தப்பாக மாட்டினாலோ காற்று துடுப்புகளைத் தொடாமல் ஓடிவிடும். இதைச் சரி செய்ய என்ஜினை இறக்க வேண்டி வரலாம், இங்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: மாற்றியதிலிருந்து சத்தம்

*கீச் என்று, ரேஸ் செய்யும்போது:* பெல்ட் தளர்வு. இறுக்கம் வைக்கிற விதம் இதில் விசித்திரம். மேல் புல்லி இரண்டு பாதியாக இருக்கும், நடுவில் ஷிம் எனும் மெல்லிய வளையங்கள். நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால் பள்ளம் குறுகிப் பெல்ட் மேலே ஏறி இறுகும், சேர்த்தால் தளரும். எடுத்ததை வீசாதீர்கள், வெளிப்புறம் நட்டுக்கு அடியில் போடுங்கள். நட்டை இறுக்கும்போது என்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரு பாதிகளுக்கு நடுவில் பெல்ட் நசுங்கி, இறுக்கம் சரி என்று ஏமாற்றும், ஐந்து மைலில் மறுபடி கீச். கடைசி முறுக்கு சுமார் 40 நியூட்டன் மீட்டர்.

*சர்ர் என்று உலோக உரசல்:* உடனே அணையுங்கள். இறக்கை நுனி கூட்டைத் தொடுகிறது. கூடு கிரேங்க்கேஸ் மேலுள்ள சிறிய பின்னில் உட்காராமலே பட்டையை இறுக்கியிருப்பார்கள், பெரும்பாலும் இதுதான். பட்டையைத் தளர்த்தி, உட்காரவைத்து, இறுக்கி, ஒரு தபால் அட்டைத் துண்டை இடைவெளியில் விட்டுச் சுற்றி வர எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நுழைகிறதா என்று பாருங்கள்.

*கரகரவென்று, பெல்ட்டைக் கழற்றிக் கையால் சுற்றினாலும்:* ஆல்டர்னேட்டர் பேரிங். பிரெஸ் இல்லாமல் வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், எலக்ட்ரிக்கல் கடையில் கொடுத்துவிடுங்கள்.

*வேகம் ஏற ஏற ஊளை:* 11 இறக்கை கொஞ்சம் ஊளையிடத்தான் செய்யும், அது அதன் பாட்டு. ஊளையோடு சேர்ந்து அதிர்வும் வந்தால் பாட்டு இல்லை, ஃபேன் சமநிலையில் இல்லை அல்லது விரிசல். கழற்றிப் பட்டறைக்கு.

அறிகுறி 5: பெல்ட் மாதத்துக்கு ஒன்றாகப் போகிறது

பின்னாலிருந்து, பெல்ட்டின் விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். மேல் புல்லியும் கீழ்ப் புல்லியும் ஒரே கோட்டில் இல்லையென்றால் எந்தக் கம்பெனி பெல்ட்டும் தாங்காது, சில சமயம் வேகத்தில் திரும்பிக்கொள்ளவும் செய்யும். காரணம் மறுபடியும் கலப்பட செட். கோடு சரியாக இருந்தால் புல்லிப் பள்ளத்தை விரலால் தடவுங்கள். துரு, தேய்ந்த படி, சிறு பிசிர் எதுவும் பெல்ட்டை அறுக்கும். பிசிரை நைசான எமரியால் எடுக்கலாம், படி விழுந்தால் புல்லி மாற்ற வேண்டியதுதான்.

அறிகுறி 6: சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்குகிறது

1.8-லிருந்து 1.3 செட்டுக்கு மாறினீர்களா? ஆல்டர்னேட்டரும் அதே அளவுக்கு மெதுவாகத்தான் சுற்றும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. 2,000 சுற்றில் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வந்து, ஐட்லிங்கில் மட்டும் சரிந்தால் ஆல்டர்னேட்டரில் தப்பில்லை. 1.67 செட்டுக்குப் போங்கள். 2,000-லும் வராவிட்டால் கழற்றிய எர்த் ஒயரைச் சரியாக மாட்டினீர்களா என்று பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

அறிகுறி 7: காலையில் குளிர் என்ஜினில் கீழிருந்து புஸ் புஸ் என்று சத்தம், சூடானால் குறைகிறது

இது ஃபேன் வேலை இல்லை. பலநாள் சூட்டில் 2.7-இன் மெக்னீசிய கிரேங்க்கேஸிலிருந்து ஹெட் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டைப் பிடித்து வைக்கிற நீளக் கம்பி) மரை பிய்ந்து வந்திருக்கலாம், எக்ஸாஸ்ட் கேஸ்கெட் மட்டும் போயிருந்தாலும் இதே சத்தம்தான். முதலில் எக்ஸாஸ்ட் நட்டுகளைப் பாருங்கள். அவை சரி என்றால் கீழ் வால்வு மூடியைக் கழற்றி, ஹெட் நட் ஏதாவது கையால் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆடினால் இறுக்காதீர்கள், இறுக்க இறுக்க மரை இன்னும் பிய்யும். என்ஜினை இறக்கி, கேஸில் மரை உறை போட்டு, புது ஸ்டட் வைக்கிற மெஷின் ஷாப் வேலை. ஃபேனுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்கு எடுத்து வையுங்கள்.

அறிகுறி 8: இப்போது சூடே ஏறவில்லை

சிரிக்காதீர்கள், இதுவும் வரும். புது ஃபேனும் பெரிய முன் கூலரும் போட்ட பிறகு குளிர்காலத்தில் முள் 60-லேயே படுத்துக் கிடக்கும். ஆயில் டாங்க் மூடியைத் திறந்தால் அடிப்பக்கத்தில் பால் அதிகமான காபி நிறத்தில் கசடு ஒட்டியிருக்கும், ஆவியாகிப் போகாத ஈரம் அது. குளிர் என்ஜினைக் கிளப்பிய இரண்டாவது நிமிடமே முன் கூலர் குழாய் வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது, அல்லது முன்னால் சூட்டுக்குப் பயந்த யாரோ உள்ளிருந்ததைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். புதிதாக ஒன்றைப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறையாவது முள் 80 தாண்டும்படி அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள்.